உச்சிவேளை வாசகன்

அத்தியாயம் 4

பேய்க்குப் பயந்துகொண்டே பேயைப் பார்க்க டிக்கெட் வாங்கிய ஒரே ஆள் இந்த ஜில்லாவிலேயே நாகையாவாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் உச்சிவேளைப் பேய். ராத்திரிப் பேய் என்றாலாவது வீட்டுக்குள் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம். பட்டப்பகலில் வருகிறதை என்ன செய்வது?

"எதுக்குண்ணே இப்படி வேர்க்குது? ஊர் ஊராக் காலண்டர் ஆர்டர் பிடிச்சு அலைஞ்சவுக நீங்க. எம்புட்டுப் பேரப் பாத்திருப்பீக" என்றாள் அருணாதேவி, வேனின் முன் இருக்கையிலிருந்து, திரும்பாமல் கண்ணாடியிலேயே அவரைப் பார்த்து.

"ஆர்டர் இல்லைன்னா கடைக்காரன் கதவத்தான் சாத்துவான் மேடம். கழுத்தப் பிடிக்க மாட்டான்."

அருணாதேவி விருதுநகரில் துப்பறியும் தொழில் செய்கிறாள். முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். எந்த மாப்பிள்ளை குடிப்பான், எவனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகியிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நாகையா அவளுக்கு உதவியாளர். வேலையில் பாதி, வாயாடுவது.

இன்று அவர்கள் ஏறியிருப்பது யோகலட்சுமி நடத்தும் 'நூல் உலா' வேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் புத்தகப் பைத்தியங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். காலையில் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சாபீஸும் பைண்டிங் கூடமும். அப்புறம் விருதுநகருக்கு வந்து, வக்கீல்கள் கூடிப் படிக்கும் பழைய நூலகம். உச்சிவேளைக்கு, காலமாகிப்போன வக்கீல் ஒச்சப்பனின் சொந்தச் சட்ட நூலகம். கடைசியாகச் சாத்தூரில் பழைய புத்தகக் கடை. வக்கீலின் நூலகத்தில் பேய் நடமாடுகிறது என்று பேச்சுக் கிளம்பியதிலிருந்து வேனில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது.

"புத்தகம் இருக்குன்னா ஒருத்தனும் வரமாட்டேங்கான். பேய் இருக்குன்னதும் குடும்பத்தோட வாரான்" என்றார் நாகையா. முன் வரிசையில் இரண்டு சட்டக் கல்லூரி மாணவிகள் சிரித்தார்கள்.

கடைசி இருக்கையில் இருந்த முருகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்காகத்தான் இந்தப் பயணமே.

முருகம்மாள் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவள். புருஷனை ஒரு வெடிவிபத்தில் பறிகொடுத்தவள். ஒரே மகன் ஊர்க்காவலனை ஆலை வாசலைக்கூட மிதிக்கவிடாமல் வளர்த்து, அச்சாபீஸில் காகிதம் வெட்டும் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். இரண்டு தீபாவளிக்கு முன்னால் ஒரு புரட்டாசி நாளில், பட்டாசுப் பெட்டியில் ஒட்டும் லேபிள் லோடை ஓர் ஆலையில் இறக்கப் போனவன் வீடு திரும்பவில்லை. அன்றைக்கு அதே ஆலையில் வெடிமருந்து அறை வெடித்தது. அதில் செத்தது போர்மேன் முனியராஜ், முருகம்மாளின் தெருக்காரன்தான். ஆனால் வெடிப்பதற்கு முன்பே, நீலப் பூப்போட்ட சட்டையோடு ஊர்க்காவலன் கேட்டைத் தாண்டிப் போனதைக் காவலாளி பார்த்திருக்கிறார். அன்று காலையில் தாய்க்கும் மகனுக்கும் சண்டை வேறு. பிறகென்ன, பையன் கோவித்துக்கொண்டு திருப்பூர் போய்விட்டான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. போலீஸும் அதற்குத் தலையாட்டிவிட்டது.

போன மாதம் இந்த உலாவில் வந்த ஒருவர் வக்கீலின் நூலகத்தைப் படம் பிடித்துப் போட்டார். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஓர் ஆளின் முதுகு. நீலப் பூப்போட்ட சட்டை. தோளில் கிழிசல், அதைப் பச்சை நூலால் தைத்த தையல். படம் கைமாறிக் கைமாறி முருகம்மாளின் போனுக்கு வந்து சேர்ந்தது.

"அது என் கை போட்ட தையல்" என்று அருணாதேவியிடம் வந்து சொன்னாள் அவள். "எம்புள்ள உசுரோட இருக்கானா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க தாயி. இருந்தா கால்ல விழுந்தாச்சும் கூட்டிட்டுப் போயிருவேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க. தெனமும் ரெண்டு பேருக்கு உலை வச்சு என்னால முடியல."



*

தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வேன் நின்றது. முருகம்மாளைச் சந்துமுனை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு, மற்றவர்களோடு சந்துக்குள் நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

யோகலட்சுமி குடையைப் பிடித்தபடி அருணாதேவியின் காதோரம் ரகசியம் பேசினாள். "நானே பேய் பிசாசு நம்பாதவ மேடம். ஆனா ஒவ்வொரு தடவையும் சந்துக் கதவப் பூட்டி, முற்றத்துக் கதவுக்கு உள்தாழ் போட்டுட்டுத்தான் போறேன். மறுவாரம் வந்து பாத்தா ரெண்டு கதவும் விரியத் திறந்து கிடக்கு. சன்னல் ஒண்ணுவிடாம திறந்திருக்கு. மேஜை மேல எப்பவும் ஒரே புத்தகம். காணாமப் போனவுக, செத்துட்டதா நினைக்கிறவுக, அவுகளப் பத்தின சட்டம். நாங்க நின்னு பாக்கையிலேயே அது பக்கம் பக்கமாத் தானாப் புரளுது. வக்கீலய்யாதான் வந்து படிக்காகன்னு எல்லாரும் சொல்லுதாக."

"செத்தபொறகு எதுக்கு அதப் படிக்கணும்? தான் செத்தது செல்லுமா செல்லாதான்னு பாக்காகளோ?" என்றார் நாகையா.

"இன்னொண்ணு. உலாவுக்கு வந்தவுக மறந்து வச்சிட்டுப் போற சேவு பாக்கெட் எல்லாம் காணாமப் போயிருது."

"சாத்தூர்க் காராச்சேவா?"

"ஆமா."

"அப்ப பேயக் குத்தம் சொல்ல முடியாது."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாரே தவிர, நாகையா நழுவி யோகலட்சுமியின் குடைக்குப் பின்னால் வந்துவிட்டார். யோகலட்சுமி சொன்னபடியே சந்துக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே நீள அறை, இருபுறமும் கூரை தொட அலமாரிகள், அட்டை தேய்ந்த சட்டப் புத்தகங்கள். எதிர்க்கோடியில் முற்றத்துக் கதவும் திறந்திருந்தது. நடு மேஜையில் ஒரு தடித்த புத்தகம் மல்லாந்து கிடந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கம் ஒன்று மெல்ல எழுந்து, கொஞ்சம் யோசித்து, மறுபுறம் சாய்ந்தது. சட்டக் கல்லூரி மாணவி ஒருத்தி தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"காத்து" என்றாள் அருணாதேவி. "எதிரும் புதிருமா ரெண்டு கதவு திறந்திருந்தா புத்தகம் புரளாம என்ன செய்யும்? பக்கத்தப் புரட்டுறது யாருங்கிறது கேள்வி இல்லண்ணே. கதவத் திறந்தது யாரு?"

அவள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள். நிலைக்குப் பக்கத்தில் சுவரில் வக்கீல் ஒச்சப்பனின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. கவனிப்பாரில்லாமல் களிம்பேறிக் கறுத்துப் போயிருந்தது. ஆனால் அதன் நடுவில் ஓர் இடம் மட்டும் புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

"அது கட்சிக்காரங்க தொட்டுக் கும்பிட்ட இடம்" என்று யோகலட்சுமி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "வக்கீலய்யா மேல அம்புட்டு மரியாதை."

வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். நாகையாவும் அப்படியே செய்தார். பேய் வீட்டுக்குள் போகிறவன் வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ளலாமா?

"அண்ணே, திரும்ப ஒருக்காத் தொடுங்க" என்றாள் அருணாதேவி.

தொட்டார்.

"விரல் நுனிதான படுது? கும்பிடுறவுக எல்லாரும் அப்படித்தான் தொடுறாக. ஆனா இங்கன தேஞ்சிருக்கிறதப் பாருங்க. உள்ளங்கையோட பதிஞ்சிருக்கு. ஒரே கை. ஒரே உயரம்."

நாகையா தன் கையை அகல விரித்து அந்த மினுக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. வைத்த மாத்திரத்தில் அவருக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தது. பட்டாசு ஆலைகளுக்குக் காலண்டர் ஆர்டர் பிடிக்கப் போன நாட்கள். ஒவ்வொரு மருந்து அறை வாசலிலும் மண்ணுக்குள் கம்பி இறக்கிய ஒரு செப்புத் தகடு இருக்கும். உடம்பில் இருக்கிற மின்சாரம் பூமிக்குள் இறங்குவதற்காக, உள்ளே போகிற ஆணும் பெண்ணும் அதில் உள்ளங்கையைப் பதித்துவிட்டுத்தான் நிலையைத் தாண்டுவார்கள். டீ குடித்துவிட்டு வந்தாலும் பதிப்பார்கள், ஒன்றுக்குப் போய்விட்டு வந்தாலும் பதிப்பார்கள். பழக்கமான கைக்கு மூளையின் தயவு தேவையில்லை.

"மேடம்! ஆலைக்காரன் கை இது!"

"கதவு?"

"அதுவுந்தான்! மருந்து ரூமுல எதிரும் புதிருமாக் கதவு இருக்கும். வேலை நடக்கையில ஒண்ணையும் சாத்தக் கூடாது. வெடிச்சா ஓடணும்ல? அந்தப் பழக்கத்துல இங்கனயும் திறந்து போட்டிருக்கான்." நாகையாவுக்குப் பேய் பயமெல்லாம் பறந்துவிட்டது. "அப்ப இது பேயே இல்ல. உசுருள்ள ஆளு. முருகம்மா மகன் உசுரோட இருக்கான்!"

அருணாதேவி தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாகையாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நல்ல சேதி சொல்கிற வாய்ப்பு இந்தத் தொழிலில் எப்போதாவதுதான் வரும். அவர் சந்துமுனைக்கு ஒரே ஓட்டமாக ஓடினார்.

"ஆத்தா! உசுரோடதான் இருக்கான். இங்கனதான் இருக்கான். நாங்க கூப்பிடுற வரைக்கும் உக்காந்திருங்க."

முருகம்மாள் கையிலிருந்த டீ கிளாஸை வைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாக டீக்கடைக்காரரிடம் திரும்பி, "இன்னொரு டீ போடுங்கய்யா. சீனி தூக்கலா. எம்புள்ளைக்கு அப்படித்தான் பிடிக்கும்" என்றாள்.

திரும்பி வந்த நாகையாவின் முகத்தைப் பார்த்ததுமே அருணாதேவிக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டீகளா?"

"நல்ல சேதிதான மேடம்?"

"அண்ணே." அவள் குரல் தணிந்திருந்தது. "முருகம்மா மகன் என்னைக்கு ஆலைல வேலை பாத்தான்? வாசலக்கூட மிதிக்கவிட்டதில்லன்னு அந்தம்மா சொன்னது மறந்து போச்சா? அவன் காகிதம் வெட்டுறவன். அவன் கை எதுக்குத் தகட்டத் தேடணும்?"

சட்டை ஊர்க்காவலனுடையது. கை வேறு யாருடையதோ.

"அப்ப... உள்ள இருக்கிறது யாரு?"

"கேட்டுருவோம்" என்றாள் அருணாதேவி.

*

யோகலட்சுமி உலாக்காரர்களை முற்றத்துக்கு அழைத்துப்போய் வேப்பமர நிழலில் தயிர்சாதப் பொட்டலங்களைப் பிரிக்கவைத்தாள். நூலகத்தில் அருணாதேவியும் நாகையாவும் மட்டும். அருணாதேவி அலமாரிகளுக்குப் பின்னால் தேடவில்லை. மேலே பரணில் ஏறிப் பார்க்கவும் இல்லை. முதலில் சன்னல்களைச் சாத்தினாள், ஒவ்வொன்றாக. பிறகு முற்றத்துக் கதவைச் சாத்தித் தாழிட்டாள். அதன் பிறகு சந்துக் கதவு.

வெளிச்சம் அணைந்தது. மேஜை மேலிருந்த புத்தகம் அடங்கியது. காற்று நின்றதும், இவ்வளவு நேரமும் அந்த அறையில் இருந்த பழைய காகித வாடை மூக்கில் ஏறியது. வெளியே பேச்சுக்குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. பேய் இல்லை என்று தெரிந்த பிறகு நாகையாவுக்கு இன்னும் அதிகமாகப் பயமாக இருந்தது. பேய் என்றால் திருநீறு பூசிக்கொள்ளலாம்.

மேலே மூச்சு விடும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. அடுத்து வேகவேகமாக, ஓடி வந்த ஆளின் மூச்சைப் போல. பலகை கிரீச்சிட்டது. பழைய காகித உறைகள் பொலபொலவென்று கீழே விழுந்தன.

"கதவத் தொறங்க." கரகரத்த குரல். "அய்யா, கதவத் தொறங்கய்யா. ரெண்டையும் தொறங்க. ஆளு உள்ள இருக்கையில சாத்தக் கூடாது... சாத்தக் கூடாதுய்யா!"

பரண் ஏணியில் இரண்டு வெறுங்கால்கள் தடுமாறி இறங்கின. நாகையா பாய்ந்து போய்ச் சந்துக் கதவைத் திறந்துவிட்டார். துப்பறிவதெல்லாம் அப்புறம், அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு எந்த மனுஷனாலும் சும்மா நிற்க முடியாது. அருணாதேவி முற்றத்துக் கதவைத் திறந்தாள். அறை நடுவில் ஓர் ஆள் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று, வெளியிலிருந்து வந்த காற்றை வாயால் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தான். மார்பு வரை தாடி. நீலப் பூப்போட்ட சட்டை. முதுகுப்புறம் சந்துக் கதவைப் பார்த்திருந்தது.

அந்தக் கதவில் முருகம்மாள் வந்து நின்றதை நாகையா ஒரு நொடி தாமதமாகத்தான் பார்த்தார். சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். கையில் டீ கிளாஸ், பாதி சிந்திவிட்டது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சட்டைதான். தோளில் அந்தத் தையல்.

"ஆத்தா, நில்லுங்க..." என்று நாகையா வாயெடுப்பதற்குள் அவள் போய் அந்த முதுகைக் கட்டிக்கொண்டாள்.

"எஞ்சாமி... எங்கலே போன? ஆத்தாமேல அம்புட்டுக் கோவமாலே உனக்கு?"

அவன் திரும்பினான்.

முருகம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். தாடிக்குள்ளிருந்து அடையாளம் மெல்ல வெளியே வந்தது. கைகளைத் தீயில் பட்டதுபோல இழுத்துக்கொண்டாள். டீ கிளாஸ் விழுந்து உடைந்தது.

"முனியராசு?" என்றாள். "நீ... நீ செத்துப் போனவனாச்சே கொழுந்தனாரே."

முனியராஜ் அவள் காலடியில் சரிந்து உட்கார்ந்தான். "சாகலையே மதினி. செத்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அதற்குமேல் அருணாதேவி கேள்வி கேட்கத் தேவையே இருக்கவில்லை. அவனே கொட்டிவிட்டான். அன்றைக்கு அவன் மனைவிக்கு விருதுநகர் ஆஸ்பத்திரியில் பிரசவம். தீபாவளி சீசன், போர்மேனுக்கு லீவு கிடையாது, அவனைக் காவலாளி கேட்டைத் தாண்டவிட மாட்டார். லேபிள் லோடு இறக்க ஊர்க்காவலன் வந்திருந்தான். மருந்துப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் வெளிச்சட்டையைக் கழற்றிவிட்டு ஆலையின் பருத்திச் சட்டையைப் போட வேண்டும் என்பது சட்டம். முனியராஜுக்கு அந்தச் சட்டம் தோதாகப் போயிற்று. தன்னுடைய பருத்திச் சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டு, அவனுடைய பூப்போட்ட சட்டையைத் தான் போட்டுக்கொண்டான்.

"ஒரு வேலையும் செய்ய வேண்டாம் மகனே, சும்மா வாசல்ல நில்லு, மேனேஜர் தூரத்துலருந்து பாத்தா நான்னு நினைச்சுக்கிடுவாருன்னுதான் சொன்னேன். பிள்ளை மொகத்தப் பாத்துட்டு வந்துருதேன்னேன். போங்க சித்தப்பா, நான் நிக்கேன்னு சிரிச்சான். பிள்ளையப் பாத்தேன். வீட்டுக்காரி மயக்கத்துல கிடந்தா, நான் வந்தது அவளுக்குத் தெரியாது. பஸ்ஸ விட்டு இறங்கி வந்தா பொகை. கூட்டம். எல்லாரும் என் பேரச் சொல்லி அழுறாக. உடம்புல ஒட்டியிருந்த பருத்தித் துணிய வச்சு நான்னு முடிவு பண்ணிட்டாக."

"காவலாளி பாத்த பூப்போட்ட சட்டை நீங்க" என்றாள் அருணாதேவி.

"நான்தான். வக்கீலய்யாகிட்ட வந்து ஒப்புக்கிட்டேன். கூட்டிட்டுப் போயி ஆஜராக்குதேன், அதுவரைக்கும் இங்கன இருன்னு சாவி குடுத்தாக. அதுக்குள்ள அவுக காலமாயிட்டாக. பொறகு எனக்குத் தைரியம் இல்ல. பருப்பு மண்டியில மூட்டை தூக்குனேன், இங்கன வந்து படுத்தேன். செத்தவன் திரும்பி வாரதுக்குச் சட்டத்துல வழி இருக்கான்னு எழுத்துக் கூட்டித் தேடுனேன். இந்தச் சட்டைய எரிக்கவும் மனசு வரல. உங்ககிட்ட கொண்டாந்து குடுக்கவும் மொகம் இல்ல மதினி."

நாகையாவுக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. இந்த அம்மாளுக்கு இரண்டு வருஷமாக இல்லாத ஒரு மகனை, அவர் ஓடிப்போய் ஒரு டீ நேரத்துக்குக் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

முருகம்மாள் அழவில்லை. தரையில் மெதுவாக உட்கார்ந்தாள். "எந்திரிச்சு ஸ்டேஷனுக்கு வா" என்றாள் முனியராஜிடம். "நீ உசுரோட இருக்கன்னு எழுதுனாத்தான் எம்புள்ள செத்தான்னு எழுதுவாக."

"வாரேன் மதினி."

"உன் வீட்டு வாசல்ல அன்னைக்கு..." அவள் நிறுத்தினாள். எதையோ கண்ணுக்கு முன்னால் பார்க்கிறவளைப் போல இருந்தாள். "வெள்ளைத் துணியச் சுத்திக் கிடத்தியிருந்தாக. மொகத்தத் திறந்து காட்டல. தெருவே வரிசையில நின்னுச்சு. நானும் நின்னேன்." வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "வாய் எந்தப் பக்கம்னு தெரியல. பக்கத்துல நின்னவகிட்டக் கேட்டுத்தான் வாய்க்கரிசி போட்டேன்."

அருணாதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முருகம்மாள் நாகையாவை நிமிர்ந்து பார்த்தாள். அவருக்குத்தான் பதில் தெரியும் என்பதுபோலக் கேட்டாள்.

"அப்ப எம்புள்ளைக்கு நான் போட்டுட்டேன், இல்லய்யா?"

"போட்டுட்டீக ஆத்தா" என்றார் நாகையா.